மூட்டையில் அச்சடித்த பெயர்

அண்ணா,

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். விதை மூட்டையைக் கட்டிலுக்கடியில் இழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் போடுகிற மாதிரியே உள்ளே போட்ட நொச்சி இலை காய்ந்து, அறை முழுக்க அந்த வாசனை. கண்ணை மூடினால் நீங்கள் பக்கத்தில் குனிந்து மூட்டை தைப்பது போலவே இருக்கிறது.

அந்த ஐப்பசி மழையில் வடிகால் அடைத்துக்கொண்டு நம் வயல் மூழ்கிக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் வடிந்தபோது பயிரெல்லாம் அழுகிப் படுத்திருக்க, மடையோரம் ஒரே ஒரு குத்து பச்சையாக நின்றது. ஊரே நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்களைச் சுற்றி நின்றது. நீங்கள் மட்டும் அந்தக் குத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினீர்கள்.

"என்னங்க, நெல்லுக்குக் கல்யாணமா?" என்று அண்ணி கேலி பேசினார்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சுடி. இது வளைகாப்பு" என்றீர்கள்.

அந்தக் கதிரைத் தனியாக அறுத்து, தனிப் பாத்தியில் விதைத்து, மாறி வந்த பயிரையெல்லாம் பிடுங்கி எறிந்து, பல போகம் பார்த்த பிறகுதான் வெளியே கொடுத்தீர்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாங்கிப் போனவர்கள் அறுவடை முடிந்ததும் வாங்கியதற்கு மேல் ஒரு படி சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் கூடுதல் படி அடுத்து வருகிறவருக்கு. "கேட்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பாத, செல்வி" என்பீர்கள்.

நெஞ்சுவலியில் நீங்கள் போன பிறகும் நானும் அண்ணியும் அதை விடவில்லை. எப்போதும் போலக் கையில் கிடைத்த சாக்கில் கட்டிக் கொடுத்தோம். விதைக்கடையில் வாங்குகிறவர்கள் காலி செய்து போடும் கம்பெனிச் சாக்குதான். உள்ளே பிளாஸ்டிக் உறை இருப்பதால் ஈரம் ஏறாது. நம் ஊரில் யார் வீட்டில் அது இல்லை? மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒருவரும் படித்ததில்லை, படித்த நான் உட்பட.

போன வாரம் பேராவூரணிக்காரர் ஒருவர் அப்படி ஒரு மூட்டை வாங்கிப்போனார். சந்தோஷத்தில் அதைப் படம் பிடித்து, நல்ல விதை என்று எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். இன்று காலை அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

ஒருவன் போனில் அந்தப் படத்தைக் காட்டினான். "இந்த மூட்டை உங்க வீட்லேர்ந்து போனதுதானே?"

"சாக்குதாங்க உங்களோடது. நெல்லு எங்களோடது."

"அதைக் கோர்ட்ல சொல்லுங்க மேடம். எங்க ரகம் சட்டப்படி பதிவானது."

கோர்ட், பதிவு என்றதும் எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. அப்பா குத்தகைப் பதிவுக்காக அலைந்த காலத்தில், ஒரு விடியலில் நிலத்துக்காரரின் ஆட்கள் அரிவாளோடு நம் கதிரில் இறங்கினார்களே. அம்மா நம் இருவரையும் வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்து, நான் அழுதுவிடாமல் வாயைப் பொத்தினாள். அந்தக் கை இன்று காலை மறுபடி என் வாய்மேல் வந்து விழுந்தது.

இரண்டாமவன் தணிந்து பேசினான். "ஒரு படி விதை கொடுங்கக்கா. எங்க ரகமான்னு பாத்துட்டு விட்டுடறோம்."

விதை என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணி உள்ளே போய்ப் படி நிறைய அள்ளி வந்துவிட்டார்கள். "இந்தாங்க தம்பி, கிழக்க பாத்து வாங்கிக்குங்க." நான் பாய்ந்து அண்ணியின் கையைப் பிடித்தேன். பாதி நெல் வாசலில் சிதறியது. "வெள்ளிக்கிழமை வர்றோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

"வாசல்ல நின்னு விதை கேட்டவங்கள இப்படி அனுப்பிட்டியே. உங்க அண்ணன் இருந்தா செய்வாரா?"

"அவங்க விதைக்கவா கேட்டாங்க, அண்ணி? நாளைக்கு இதையும் அவங்க பேர்ல பதிஞ்சிட்டா?"

"பதிஞ்சா? ஊரே இதைத்தான் பொங்கித் திங்குது, இது யாரு நெல்லுன்னு ஊருக்குத் தெரியாதா?"

ஊருக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியுமா, அண்ணா?

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு போனில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அது கம்பெனி பதிந்த ரகமாக இருந்தாலும் சரி. பதிவான ரகம் என்று அச்சடித்த மூட்டையில் போட்டு மட்டும் விற்கக் கூடாது. நம் சாக்கில் அது பச்சை எழுத்தில் பெரிதாக இருக்கிறது. விவசாயி உருவாக்கிய ரகத்தை விவசாயி பெயரிலேயே பதியலாம் என்றும் போட்டிருக்கிறது. ஆனால் எந்த ரகத்திலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமாம். அந்த வருஷம் மடையோரம் என்ன நட்டீர்கள் என்று அண்ணிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கம்பெனிச் சாக்குகளையெல்லாம் காலி செய்து, அம்மாவின் பழைய சேலைகளில் பை தைத்து விதையை மாற்றிவிட்டேன். உங்கள் கோணி ஊசிதான். இருமுறை விரலில் குத்திக்கொண்டேன். வாசலில் சிதறியதைக் கூட்டி அள்ளி, படியில் மீந்ததோடு சேர்த்து, பதிவுக்கு அனுப்ப ஒரு படி தனியே முடிந்து வைத்திருக்கிறேன். இந்த மூட்டை ஒன்றுதான் மாற்றப் பாக்கி. அதைத்தான் காலால் தொட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எழுதினால் போய்ச் சேராது என்று தெரியும். ஆனாலும் இந்த வீட்டில் விதை இல்லை என்று முதலில் சொன்னவள் நானாகிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர்கள் மறுபடி வந்து கை நீட்டுவார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் வாசலில் நிற்க வேண்டும். கொடுக்கவா, வேண்டாமா?

சீக்கிரம் பதில் எழுதுங்கள், அண்ணா.

செல்வி