முன்கண்ணாடியில் நாலு மீன்

என்னங்க,

கண்ணாடிக்காரர் பதினோரு மணிக்கு வருவார். கார்ச் சாவியைத் தேடாதீர்கள். வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கிறேன். விரிசல் விட்ட முன்கண்ணாடியோடு நம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர உங்களை விடமாட்டேன்.

நேற்றுச் சண்டையில் என்ன சொன்னீர்கள்? "பக்கத்து ஜன்னல் மாதிரி டெம்பர்ட் கண்ணாடியே போடச் சொல்லு. அதுதான் கெட்டி, லேசுல உடையாது." கெட்டிதான். ஆனால் உடைந்தால் மொத்தமும் கற்கண்டாக நொறுங்கி மடியில் கொட்டும். லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். விரிசல் விட்டாலும் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதமாக நம் கண்ணாடி நிற்பது அந்தத் தாளால்தான், விரிசலை மறைக்க நீங்கள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர்களால் அல்ல. விரிசல் நீள நீள மீனும் பெருகுகிறதே, எனக்குக் கண் இல்லையா? கேட்டால், "பாப்பா ஒட்டியிருப்பா" என்று குழந்தைமேல் பழி வேறு!

புதுக் கண்ணாடியின் மூலையில் லேமினேட்டட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பசை காய அவர் சொல்லும் நேரம் ஆவதற்கு முன்னால் வண்டியைத் தொடாதீர்கள். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்ட வேண்டாம்.

இடம் போதாததால் ஓரத்தில் எழுதுகிறேன்: பழைய கண்ணாடியைக் கழற்றும்போது அதில் நாலு மீன் இருக்கும். மூன்றுதான் உங்களுடையவை. லாரிக்குப் பின்னால் நான் ஓட்டிப்போன அன்றுதான் கல் தெறித்தது. முதல் மீனை ஒட்டியது நான்.