அது யாருடைய தையல்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, போன மூன்று கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லையே. கடிதம் உன் கைக்கு வருகிறதா, இல்லை நடுவில் யாராவது எடுத்து வைத்துக்கொள்கிறார்களா? தபால்காரர் மணியடித்தால் உன் மாமியார்தான் முதலில் வாசலுக்குப் போவார் என்று எப்போதோ எழுதியிருந்தாய். நான் யாரையும் குறை சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. இருபத்தாறு வருடம் தையல் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்று, வருகிற துணியிலெல்லாம் தப்பு தேடி, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியவள், இப்போது வீட்டுச் சுவரில் தப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரி கத்தரிக்கோலை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தந்தாள். அது என் கத்தரிக்கோல்தானா என்று இரண்டு நாள் யோசித்தேன். இப்படியே போனால் புத்தி பேதலித்துவிடும் என்று, நூலகத்து மாடியில் சனிக்கிழமை மதியம் நடக்கும் பூத்தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான வகுப்புதான்.

ஆளுக்கு ஒரு மர வளையம், அதில் இறுக்கிப் பிடித்த வெள்ளைத் துணி. விரலால் தட்டினால் டம் என்று சத்தம் வர வேண்டும் என்கிறார் டீச்சர். எல்லோருக்கும் ஒரே படம்: பின்னால் மலை, நடுவில் புல்வெளி, முன்னால் பூக்கள். நூலை இழை இழையாகப் பிரித்து, தூரத்து மலைக்கு ஓர் இழை, கிட்டத்துப் பூவுக்கு மூன்று இழை கோக்க வேண்டும். நீளத் தையலில் மலை, காம்புத் தையலில் தண்டு, ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி இழுத்தால் மொட்டு. கேட்க எளிது. என் மலை சொத்தைப் பல் மாதிரி வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிந்ததும் வளையங்களை அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டு வருவோம். பெயர் எழுதிய சீட்டைப் பின்பக்கம் ஒட்டச் சொன்னார் டீச்சர். நான் ஒட்டவில்லை. என் தையல் எனக்குத் தெரியாதா? மூன்றாவது சனிக்கிழமை, அதாவது இன்று, வளையத்தை எடுத்துப் பார்த்தால் என் கோணல் மலை நேராகியிருக்கிறது! யாரோ பிரித்து, புதிதாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

வகுப்பில் ஆறு பேர். எனக்குச் சந்தேகம் பக்கத்தில் உட்காரும் நர்ஸம்மா மேல்தான். ஓய்வு பெற்ற நர்ஸ், பொடிப்பொடியாய்த் தைக்கிறவர். எதிர்த் தெருவில் வீடு என்பதால் அலமாரிச் சாவியும் அவரிடம்தான். என் மலையைப் பார்த்து ஒரு நாள் உதட்டுக்குள் சிரித்ததை நான் கவனித்தேன். துணிக்குப் பின்னால், மலை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவிட்டு, பூத்தண்டு தைத்துவிட்டு வந்திருக்கிறேன். பார்ப்போம்.

பதில் போடு. பழைய கதையை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்காதே.

உன் நலம் நினைக்கும்,
அக்கா

---

அன்புத் தங்கைக்கு,

போன கடிதம் போட்டு ஏழு நாள்தான் ஆகிறது. ஆனாலும் இதை உடனே உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இன்று போனதும் முதல் வேலையாக வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். அம்பு இல்லை. பிய்த்த தடம்கூட இல்லை. அது போகட்டும், மலை மறுபடி கோணலாக இருக்கிறது! நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்து, பயந்துபோய், நேராக்கியதைப் பழையபடி கோணலாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பார். போன வாரம் நான் தைத்த தண்டுகளைக் காணோம். வேறு யாரோ தைத்த தண்டுகள் நிற்கின்றன.

எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் நர்ஸம்மாவைக் கேட்டேன். "சாவி உங்க கையில. என் பக்கத்துல உக்கார்றது நீங்க. எனக்குத் தைக்கத் தெரியாதுன்னா நேரா சொல்லுங்க, இந்தத் திருட்டு வேலை எதுக்கு?" என்றேன். டீச்சர் என் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நர்ஸம்மா ஊசியைப் பஞ்சில் குத்தினார், மூக்குக் கண்ணாடியை உறையில் போட்டார், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே போதாதா? தப்பு செய்யாதவர்கள் சும்மா போவார்களா?

என்னவோ, வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. மழை வரும் போலிருக்கிறது, அதனாலாக இருக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்பதில்லை. கீழ்வீட்டுக்காரி குழாயைத் திறந்துவிடுகிறாளோ என்று பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

என் தங்கைக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை என்பதுதான் சரி.

அடுத்த சனிக்கிழமை நர்ஸம்மா வரவில்லை. யாரும் என்னோடு பேசவில்லை. வகுப்பில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். சிகரெட்டை விட்டதிலிருந்து கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று வந்தவர். அவர்தான் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் இதப் பாருங்க. என் துணியில சிவப்பா ஒரு அம்பு இருந்துச்சு. டீச்சர்தான் தப்பு காட்டியிருக்காங்கன்னு நெனச்சு, வீட்டுக்குக் கொண்டுபோய் இந்த மலைய நாலு தடவ பிரிச்சுத் தச்சேன். டீச்சரக் கேட்டா நான் ஒட்டலங்கறாங்க. இந்தப் பூத்தண்டும் நான் தச்சது இல்ல" என்றார்.

இரண்டு வளையத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் ஒட்டிய பெயர்ச் சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டதாம். மூன்றாவது வாரம் நான் அவருடையதை எடுத்திருக்கிறேன். தாமதமாக வந்தவர் மிச்சமிருந்த என்னுடையதை எடுத்து, அதில் தண்டு தைத்திருக்கிறார். அடுத்த வாரம் அவரவருடையது அவரவர் கைக்கே போயிருக்கிறது. என் மலையை யாரும் பிரிக்கவில்லை. யாரும் எதையும் திருத்தவில்லை.

நாலு தடவை பிரித்ததில் அவர் மலையும் இப்போது கோணலாகியிருந்தது. அப்போதும் எனக்கு வீம்பு. ஒன்றைத் தொட்டு, "எது எப்படியோ, இது என்னோடது" என்றேன். அவர் மெதுவாக, "இல்லக்கா, அது என்னோடது. ஓரத்துல என் பொண்ணு பேனாவால கிறுக்கியிருக்கா பாருங்க" என்றார். கிறுக்கல் இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நான் இல்லைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அதற்கும் அவர் மேலேயே குறை வைத்தேன், பார். "சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. இப்போது வகுப்புக்கு வருகிறார். மேசையின் அந்தக் கோடியில் உட்காருகிறார்.

எடுக்காதே என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்த பேச்சை இப்போது நானே எடுக்கிறேன்.

நம் கம்பெனியில் தைத்த அந்தக் குழந்தை கவுன் மடிப்பில் உடைந்த ஊசி முனை இருந்தது உண்மை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்துக் காட்டிவிட்டுத்தான் மேலே தைக்க வேண்டும். யாரோ அதைச் செய்யவில்லை, அதுவும் உண்மை. உன் தையல் லைனில் பன்னிரண்டு பேர். ஒரே மாதிரி மிஷின், ஒரே நூல், ஒரே மடிப்பு. யார் தைத்தது என்று மேனேஜர் கேட்டதும் நான் மடிப்பைத் திருப்பி ஒரு தடவை பார்த்தேன். ஒரே தடவை. "என் தங்கச்சி தச்சது சார், கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலும் சொல்லுவேன்" என்றேன். நீ அழவில்லை, சத்தம் போடவில்லை. "அக்கா, நல்லாப் பாரு" என்று மட்டும் சொன்னாய். நான் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவள் என்றும் பாராமல் சொன்னாள் என்று எல்லோரும் என்னை மெச்சினார்கள். அது எனக்கு இனித்தது. உன்னை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மாதம் திரும்புவதற்குள் நீ ஊரை விட்டே போய்விட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனிக்குப் போனேன். அன்று நான் சொன்னதற்கு என் கர்வத்தைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போதிருக்கும் மேனேஜர் சின்னப் பெண். "இவ்ளோ வருஷம் கழிச்சு இத வச்சு நாங்க என்னம்மா பண்றது?" என்றாள். "ஃபைல்ல வைங்க, போதும்" என்றேன். வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தாள். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்கு எழுத வந்தது உனக்கு எழுத வரவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் மாமியாரைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. என் கடிதங்களெல்லாம் உன் கைக்கு ஒழுங்காகத்தான் வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

நீ இப்போது என்ன வேலை செய்கிறாய், தைக்கிறாயா, ஊசியையே தொடுவதில்லையா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாய் இல்லை. திட்ட வேண்டுமென்றால் நாலு பக்கம் திட்டி எழுது. அதற்கும் மனம் வரவில்லை என்றால் ஒரு வெறும் தாளை மடித்து, மேலே என் விலாசத்தை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் கையும் கண்ணும், உன் வீடும் வாசலும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா என்று நீ கூப்பிட்ட
நான்