இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

அடி அண்ணாமலை
10.3.2025

அன்புள்ள மாமாவுக்கு, பாஞ்சாலை எழுதுவது.

இங்கே நானும் இரண்டு ஆடுகளும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அக்காவும் நலமா? அக்காவின் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் பத்து நாள் என்று கீழ்பென்னாத்தூர் போனவருக்கு இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. எழுதியிருந்தால் மட்டும் எதையும் படிக்காமல் கீழே வைக்க மாட்டீர்கள், வடை மடித்துக் கொடுத்த பேப்பரைக்கூட. அதனால்தான் இந்தக் கடிதம். இது என் முதல் கடிதம், சிரிக்காதீர்கள்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த முதியோர் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் கிளம்பிய அதே வாரம். பாடம் சொல்லிக் கொடுத்த ரேவதி அழாத குறை. பெரிய டீச்சரைக் கேட்டால், "மேல இருந்து ஆர்டர் வந்துச்சும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறார். பதினோரு பேர் ஜூன் மாதம் டவுனில் தையல் பயிற்சிக்குச் சேர இருந்தோம். வகுப்பு முடித்த சான்றிதழ் இருந்தால்தான் அங்கே சேர்ப்பார்களாம். இப்போது எல்லாம் அந்தரத்தில் நிற்கிறது.

இன்று திங்கட்கிழமை. குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தேன். கலெக்டர் ஆபீஸ் எதிரே நீங்கள் மனு எழுதும் புங்கமரத்தடி காலியாக இருந்தது. நானே எழுதினேன். வகுப்பை யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று எப்படிக் கேட்டால் பதில் வரும்? இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே எழுதுகிறவர் நீங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

கீர்த்தனா சென்னையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அப்பா வயலில் இருக்கிறார் என்கிறேன். மகளிடம் இன்னும் எத்தனை நாள் பொய் சொல்ல?

உங்கள்
பாஞ்சாலை


கீழ்பென்னாத்தூர்
15.3.2025

பாஞ்சாலைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பதற்கும் விஷயத்துக்கும் நடுவே ஒரு வரி இடம் விட வேண்டும். உன் ரேவதி அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

முதல் கடிதம் என்கிறாயே, அது உண்மையா? போன தை மாதம் முதன்முதலாக நீ எழுதியது கலெக்டருக்கு, தங்கம்மாளின் விதவை உதவித்தொகைக்காக. அடுத்தது ரேஷன் கடைக்கு. எனக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்டாட்டி முதலில் புருஷனுக்கு நாலு வார்த்தை எழுதுவாள் என்று நினைத்தேன். நான்தான் முட்டாள்.

அந்தத் தங்கம்மாளுக்கு நான் மூன்று மனு எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அது என் குற்றமா? நீ எழுதிக் கொடுத்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனாள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்காரன் சிரித்தான்.

வகுப்பு நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். கையெழுத்துப் போடுகிறாய், பஸ் போர்டு படிக்கிறாய், அது போதாதா? அரசாங்கத்திடம் காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நான் கேட்காத கேள்வியா?

மூர்த்தி


அடி அண்ணாமலை
25.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், பாருங்கள்.

தங்கம்மாளுக்கு உத்தரவு வந்துவிட்டது. தபாலைப் பிரிக்காமலே ஓடி வந்தாள். "பாஞ்சால, நீயே பிரிச்சிப் படி" என்றாள். படித்துச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நீங்கள் இதைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கோபம் வேண்டாம். நீங்கள் எழுதினால் அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்ததில் ஆரம்பித்து, கூரை ஒழுகுவது, தெருவிளக்கு எரியாதது, கிரிவலப் பாதைக் குப்பை வரைக்கும் ஒரே மனுவில் வந்துவிடும். எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் அதைச் சுற்றவிடுகிறார்கள். ஒரு மனுவில் ஒன்றுதான் கேட்க வேண்டும், நாலு வரிக்கு மேல் கூடாது என்பாள் ரேவதி. அவ்வளவுதான் விஷயம். உங்கள் தமிழுக்கு என்னுடையது கால் தூசு பெறாது.

பொறாமை என்று பார்த்தால் நான் உங்களுக்கு முன்னாலேயே பட்டுவிட்டேன் மாமா. யார் யாரோ பெண்கள் உங்கள் எதிரே குந்திக் குறை சொல்வார்கள். நீங்கள் தலையாட்டிக் கேட்பீர்கள், "அப்புறம்?" என்பீர்கள். சோறு கொண்டு வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். என்னிடம் ஒரு நாள் அப்புறம் என்று கேட்டதுண்டா? அவர்களை எனக்கு ஆகவே ஆகாது. உங்களிடம் சொல்லாமல் இருந்தேன், இப்போது எழுத வருகிறது, எழுதிவிட்டேன்.

வகுப்பு விஷயமாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். 'ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்களாம். அதனால் நிறுத்திய உத்தரவின் நகல் ஒன்று, யாராவது புகார் கொடுத்திருந்தால் அந்தப் புகாரின் நகல் ஒன்று, இரண்டு மட்டும் கேட்டேன். பதினேழாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பங்குனிப் பௌர்ணமிக்காவது வந்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் தனியாக மோர் விற்க முடியவில்லை.

உங்கள்
பாஞ்சாலை


கீழ்பென்னாத்தூர்
29.3.2025

பாஞ்சாலைக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு எழுதுகிறேன். அந்தத் தகவல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். ஒரு போஸ்ட் கார்டு போட்டால் போதும். நகலை வாங்கி வைத்து என்ன செய்யப் போகிறாய்? எவனோ ஒருவன் ஏதோ வயிற்றெரிச்சலில் எழுதிப் போட்டிருப்பான். அவன் பேர் தெரிந்தால் ஊரில் பகைதான் வளரும். நீ வாபஸ் வாங்கினேன் என்று எழுது, நான் மறுநாளே வருகிறேன். மோரும் விற்கிறேன்.

தங்கம்மாள் விஷயம் எனக்கும் சந்தோஷம்தான். இல்லை, பொய் எதற்கு? காலையில் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அக்கா, "பொண்டாட்டி லெட்டர் போட்டா சந்தோசப்படுவியா, மூஞ்ச தூக்கி வச்சினு உக்காந்துனு கீற" என்று திட்டுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு வீட்டுக்கு ஒரு பேனா போதும் பாஞ்சாலை. ஊரே உன் வீட்டு வாசலில் நின்றால் நான் எங்கே போய் உட்காருவது?

வாபஸ் வாங்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

மூர்த்தி


அடி அண்ணாமலை
19.4.2025

மாமா,

நான் வாபஸ் வாங்கவில்லை. பௌர்ணமிக்கு நீங்களும் வரவில்லை. முந்தாநாள் பதில் வந்தது.

உத்தரவு ஒரு பக்கம், புகார் ஒரு பக்கம். வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். 'மாலை நேரத்தில் பள்ளி வளாகத்தில் பெண்கள் கூடி அரட்டை அடிப்பதால் பள்ளிச் சொத்துக்குச் சேதம் ஏற்படுகிறது. குழந்தைகள் படிப்பும் கெடுகிறது. எனவே இவ்வகுப்பை உடனே நிறுத்தக் கோருகிறோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.'

கையெழுத்து உங்களுடையது. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கிழித்துப் போட்ட மனுக்களை எடுத்து வைத்துத்தானே ராத்திரியில் வீட்டில் படித்துப் பழகினேன்? அந்த எழுத்தைப் பார்த்துத்தான் என் எழுத்தே வந்தது.

எத்தனையோ பேருக்கு எழுதினீர்கள், எதற்கும் ஒழுங்காகப் பதில் வரவில்லை என்று வருத்தப்படுவீர்களே. இதைப் பாருங்கள். நாலே வரி. ஒரே கோரிக்கை. கொடுத்த ஒன்பதாம் நாள் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. உங்களுக்கு இப்படிச் சுருக்கமாக எழுத வருமே, தங்கம்மாளுக்கு ஏன் எழுதவில்லை என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் அழுதேன்.

ரேவதி வந்து, "பதில் வந்துச்சா அக்கா? யாரு எழுதனாங்க?" என்று கேட்டாள். பேர் இல்லை என்றேன். பேர் இல்லாதது நிஜம்தான். பத்துப் பெண்களும் தினமும் வந்து கேட்கிறார்கள். எத்தனை நாள் மறைக்க முடியும் என்று தெரியவில்லை.

பாஞ்சாலை


கீழ்பென்னாத்தூர்
24.4.2025

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நான்தான் எழுதினேன். உன்மேல் பொறாமை. ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்ட நீ என்னைத் தாண்டிப் போவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. வகுப்பு நின்றால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இங்கே ஓடி வந்தேன். மல்லாட்டை வேலை முடிந்து எத்தனையோ நாளாகிறது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கூட ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். புகார் தவறு, வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும் என்று ஒரு மனு. மூன்று பக்கம் வந்துவிட்டது. உனக்குச் சரியாகப் பட்டபடி திருத்து. நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. உன் பதில் வந்ததும் வீட்டுக்கு வருகிறேன். நீ எழுதிய கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நன்றாக எழுதுகிறாய். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

மூர்த்தி


அடி அண்ணாமலை
28.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று பக்கத்தையும் படித்தேன். இரண்டு பக்கம் உங்கள் மனவருத்தம், அதற்கு அரசாங்கத்தில் மேசை இல்லை. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மீதியை நாலு வரியாக்கி இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மாற்றினேன். நீங்கள் இதிலும் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று முடித்திருந்தீர்கள். அதை அடித்துவிட்டு, மூர்த்தி, மனு எழுதுபவர், அடி அண்ணாமலை என்று போட்டிருக்கிறேன். பிப்ரவரியில் அந்தப் புகாரை எழுதியவன் நானே என்று முதல் வரியிலேயே இருக்கிறது. நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை நீங்களே வாருங்கள். எல்லாரோடும் வரிசையில் நின்று கொடுங்கள். நாங்கள் பதினோரு பேரும் அன்றைக்கு அங்கேதான் இருப்போம். அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கொடுத்ததும் வீட்டுக்கு வர வேண்டாம், அக்கா வீட்டுக்கே போங்கள். பதில் முகவரியாக அந்த வீட்டைத்தான் மனுவில் போட்டிருக்கிறேன், வகுப்பு திறக்கிறது என்று அரசாங்கத்திடமிருந்து உங்கள் பேருக்கு அங்கேயே பதில் வரும். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதுவரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், எழுதினாலும் படிக்க மாட்டேன்.

பாஞ்சாலை