நேசராணி தைத்த சிங்கக் கொடி

மடுல்சீமை, இலங்கை
பெப்ரவரி 6

அன்பு மகள் ஜெசிந்தினிக்கு, அம்மா எழுதுவது. கட்டாரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மற்றபடி சுகம். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

சுதந்திர தினத்துக்கு ஸ்கூல் கொடி தைக்க நீ துணி அனுப்பினாயாம், அதுவும் பக்கத்து லயத்து வீட்டு நேசராணிக்கு! அம்மாவுக்குக் கண் மங்கிப்போச்சு, நீங்க தைச்சுக் குடுங்க அத்தை என்றாயாம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று எல்லோருக்கும் சொல்கிறாள். இந்தக் காற்றும் மழையும் வருஷத்துக்கு ஒரு கொடியைக் கிழிக்கும், பதினாறு வருஷமாகப் புதிது தைத்தவள் நான். கம்பத்தை ஒட்டிப் பச்சை, அது முஸ்லிம் ஜனங்களுக்கு, அடுத்து ஆரஞ்சு, தமிழருக்கு, அப்புறம்தான் சிங்கம். அந்த ஆரஞ்சுக் கோடு கொடியில் ஏறின காலத்தில் தோட்டத்துத் தமிழரான உன் தாத்தாவுக்குப் பிரஜாவுரிமையே கிடையாது, அந்த ரோஷத்தில் அதற்கு மட்டும் இரட்டைத் தையல் போடுவேன். மூலைக்கு ஒன்றாக நாலு அரசிலை பிறகு வந்தவை. அதில் ஒன்றுக்கு, மற்றவர் நன்றாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது என்று அர்த்தமாம். இந்த வருஷம் அந்த இலையை என்னால் தைத்திருக்கவே முடியாது, போ.

நாலாந் தேதி காலையில் கொடி ஏறிற்று. பார்த்தால் கம்பத்தோரம் ஆரஞ்சு, அடுத்துப் பச்சை! மாற்றித் தைத்திருக்கிறாள். பிரின்சிபல் அற்புதராஜிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கு இவள் மானம் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், பாவம்தான். ஆனால் ஒருவருக்கும் தெரியவில்லையடி. பிள்ளைகள் தேசிய கீதம் பாடினார்கள், பிரின்சிபல் நேசராணியைக் கூப்பிட்டு, ரொம்ப நேர்த்தியா தைச்சிருக்கீங்க என்றார். எனக்கும் வருஷா வருஷம் இதையேதான் சொன்னார். அப்படியென்றால் பதினாறு வருஷமாக நான் சரியாகத் தைத்ததையும் யாரும் பார்த்ததில்லை.

ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை. ஆண்டவர் உன்னைக் கண்ணிமைபோல் காப்பார். நேசராணி அனுப்பிய கொடிப் படத்துக்கு, சூப்பர் அத்தை என்று பதில் போட்டாயாம். அந்தப் படத்தை மறக்காமல் இன்னொரு தரம் எடுத்துப் பார். முதலில் பார்த்தபோது உனக்காவது தெரிந்ததா என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா