வெக்கைக்கா, கரண்டுக்கா?

ஊசியில் நூல் கோக்க எப்போதும் என் கண்களைக் கேட்கும் ஸ்டெல்லா சித்திக்கு,

உன் மேசையில் பாதியில் நின்ற பள்ளிச் சீருடைகளை அம்மா தைத்து முடித்துவிட்டாள். காலர் நீ தைப்பதுபோல் படியவில்லை. வாங்க வந்தவர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் படியிறங்கும்போது எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். "கை ஈரமா இருந்துச்சோ?"

இரணியல் வெயிலில் நீ மொட்டைமாடிக் கொட்டகையில் வெந்துகொண்டு தைப்பதைப் பார்த்துத்தான் அப்பா உனக்கு மாடியிலேயே அந்த அறையைக் கட்டினார். இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே தெர்மோகோல் வைத்த சுவர். வளைகுடாவில் அப்படிப்பட்ட அறைகளை நிறுத்துவதுதான் அவருக்கு வேலை. அங்கே சுவர் அவருடையது, வயரிங் வேறு ஆட்களுடையது. இங்கே இரண்டையும் அவரே செய்தார். வயரைத் தெர்மோகோலுக்குள்ளேயே செருகிக்கொண்டு போனார்.

"பைப்பு போட வேண்டாமா அத்தான்?" என்று நீ கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இது இன்சுலேஷன் சுவராக்கும் ஸ்டெல்லா. இதுக்குள்ள கரண்டு எங்கன கூடி வரும்?"

முதல்நாள் அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து நீ சொன்னாய்: "அத்தான் என்னைய மீன்பெட்டிக்குள்ள வச்சு அடச்சாச்சு. இனி நான் கெட்டுப்போவ மாட்டேன்." அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். பிறகு உன்னைக் கண்ணாடி மூடிய ஐஸ்பெட்டியில் கிடத்தியிருந்தபோது அவர் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தவர்கள் அதைக் குறையாகப் பேசினார்கள். எனக்குக் காரணம் தெரியும்.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நீ அயன்பாக்ஸைப் போட்டுவிட்டு, சுவரில் தொங்கிய கத்தரிக்கோலை எடுக்கக் கை நீட்டியிருக்கிறாய். கை தகரத்தில் பட்டிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ யாரையாவது கூப்பிட்டாயா, சித்தி? கூப்பிட முடிந்ததா?

ஊர் உன் கையைக் குற்றம் சொன்னது. துணி அலசிவிட்டு ஈரத்தோடு சுவிட்சைத் தொட்டிருப்பாய் என்றார்கள். அப்பா மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் விடவில்லை. "ஈரக் கையால அவ துணி தொடுவாளா? எனக்க தங்கச்சி தையக்காரியாக்கும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு ஒருநாள் படித்துக்கொண்டிருந்தேன். என் அறிவியல் புத்தகத்தில் வெப்பம் பற்றிய பாடத்தில் வெப்பக்காப்பு என்று ஒரு சொல். மின்சாரப் பாடத்தில் மின்காப்பு என்று ஒரு சொல். அகராதியைப் புரட்டினால், ஆங்கிலத்தில் இரண்டுக்குமே இன்சுலேஷன்தான். நாம் வீட்டில் புழங்கியது அந்த ஒற்றைச் சொல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, வெக்கைய நிறுத்துத சுவரு கரண்ட நிறுத்துமா?"

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுவரப் பிரிச்சுப் பாத்தா செத்தவ வருவாளா மக்கா?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வர மாட்டா. ஊரு அவளுக்க கையச் சொல்லுதே, அது நிக்கும்."

அம்மா சொல்லியனுப்ப, வயரிங் வேலை செய்யும் ராஜன் மாமா நெய்யூரிலிருந்து வந்தார். மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று சோதித்துவிட்டுத் தகட்டைக் கழற்றினார். வயரின் பிளாஸ்டிக் தோல் தெர்மோகோலோடு ஒட்டி, கருவாடுபோல் விறைத்திருந்தது. வளைத்ததும் உடைந்தது.

"ரெண்டும் ஒட்டிக் கெடந்தா தோலு இப்பிடித்தான் இறுகிப்போவும். அயன்பாக்ஸ் இழுக்கும்போ வயரு சூடாவும். அந்தச் சூடு போவ எடமில்ல. வெளி வெக்கைய உள்ள விடாத சுவரு, உள்ளதையும் வெளிய விடாதுல்லா?"

வயர் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம்கூட இல்லை. தகரத்தின் விளிம்பு விறைத்த தோலை அறுத்ததில், செம்புக் கம்பி தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தகட்டுக்கு எர்த் இல்லை. கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சும் போர்டில் இல்லை. அப்பா அந்த வயர்த் துண்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உனக்காக வீட்டில் வைத்த ஜெபக்கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும் யாரோ மறுபடி தொடங்கினார்கள். "பொம்பளப் பிள்ளைன்னா கொஞ்சம் சூதானமா இருக்கணும். ஈரக் கையோட..."

அப்பா எழுந்து அந்தத் துண்டை எல்லாரும் பார்க்க நீட்டினார். "ஸ்டெல்லாவுக்க கை காஞ்சுதான் இருந்துச்சு. வயரு போட்டது நானாக்கும்."

அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். ஆனால் இன்றுவரை அவரோடு பேசவில்லை. பேசுவாளா, சித்தி? உனக்குத்தான் அவளைத் தெரியும்.

இப்போது அந்த அறையில் வயர் சுவருக்கு வெளியே, பைப்புக்குள் போகிறது. கனமான வயர். ஒவ்வொரு தகட்டுக்கும் எர்த் உண்டு. கசிவு சுவிட்சும் வந்துவிட்டது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கினால் டக்கென்று விழுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. அம்மா கீழே இறக்கிய உன் மெஷினை மட்டும் யாரும் திரும்ப மேலே கொண்டுபோகவில்லை.

நம் தெருமுனையில் ஒரு வீட்டு மாடியில் அதே தகடுகள் வந்து இறங்கியிருக்கின்றன. பள்ளிவிட்டு வரும்போது ஏறிப் போனேன். வயரைச் சும்மா உள்ளே செருகிக்கொண்டிருந்தார் ஒருவர்.

"பைப்பு போடலியா அண்ணா?"

"ஏட்டி, இது இன்சுலேஷன் சுவராக்கும்."

"வெக்கைக்கா, கரண்டுக்கா?"

அவர் சிரித்தார். எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றது. செருகிய வயரை மெல்ல வெளியே இழுக்கத் தொடங்கினார்.

இனி அந்தச் சொல் எங்கே என் காதில் விழுந்தாலும் இதையே கேட்பேன். உன்னைப் பற்றி யார் கேட்டாலும், உன் கை காய்ந்திருந்தது என்பதை முதலில் சொல்வேன்.

உன் ஊசிகளுக்கு நூல் கோத்த,
உன் அக்கா மகள்