ஃபில்டருக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

பள்ளத்தூர்,
9.6.2025

அன்புத் தம்பி டோனிக்கு,

மரியே வாழ்க. அக்காள் வின்சி எழுதுவது. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாம் சேர்ந்து வாங்கப்போகும் சின்ன டிராக்டருக்கு இரண்டு இடம் பார்த்தேன். ஒன்று விலை குறைவு. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு இங்கே பட்டறை கிடையாது, பழுது வந்தால் நாமேதான் பார்க்க வேண்டும். காரைக்குடிக் கடை வண்டி விலை கூடுதல். தென்னை வரிசைக்குள் சுலபமாகத் திரும்புகிறது. மெய்யநாதன் என்கிற மெக்கானிக் தோட்டத்துக்கே வந்து சர்வீஸ் செய்வாராம். உழவு நேரத்தில் வண்டி படுத்துக்கொண்டால் தனியாள் நான் யாரிடம் போய் நிற்பேன்? நீயே சொல்.

உன் அன்பு அக்காள்,
வின்சி

ஓசூர்,
17.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காலமெல்லாம் பட்டறையில் கிடக்கிறவன் சொல்கிறேன், கேள். பழைய ஆயில் ஃபில்டரைத் துணியால் துடைத்துவிட்டு, புதுசு மாட்டினேன் என்பார்கள். வீடு தேடி வருகிறவனை இன்னும் நம்பாதே. விலை குறைந்ததை வாங்கு, ஆயில் மாற்ற நான் சொல்லித் தருகிறேன்.

இல்லை, காரைக்குடி வண்டிதான் என்று நீ ஒற்றைக்காலில் நின்றால், ஒன்று செய். முதல் சர்வீஸுக்கு முன்னால் ஃபில்டருக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வை. சர்வீஸ் முடிந்தும் புள்ளி இருந்தால் ஆளின் லட்சணம் தெரிந்துவிடும். யாரிடமும் மூச்சு விடாதே.

தம்பி,
டோனி

பள்ளத்தூர்,
2.9.2025

தம்பிக்கு,

உன் பேச்சைக் கேட்காமல் காரைக்குடி வண்டியை எடுத்தேனே, நேற்று அதற்கு முதல் சர்வீஸ். அரியக்குடியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் மெய்யநாதன் முடித்துவிட்டுப் போய்விட்டார். குனிந்து பார்த்தேன். நீ சொன்னபடி நான் வைத்த புள்ளி அப்படியே இருக்கிறதடா!

போன வாரம் சர்வீஸுக்கு நாள் சொல்ல வந்தபோதுதான், "வண்டிய நல்லா வச்சிருக்கீகக்கா" என்று சிரித்தார். அந்த மனுஷனுக்குக் கேரியரில் சாப்பாடு வேறு வைத்துவிட்டுப் போனேன், பார். இனி யாரை நம்புவது?

அக்காள்,
வின்சி

ஓசூர்,
10.9.2025

அக்கா,

சொன்னேனா இல்லையா? கடை முதலாளிக்குக் காட்டமாக எழுதினேன். அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். வேண்டியதுதான். புது ஃபில்டர் பார்சலில் வருகிறது, நீயே மாட்டு. பழையதை இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும்.

இன்னொன்று. வண்டி ஓடிய மணிக்கணக்கை வாராவாரம் படம் எடுத்து அனுப்பு. நீ அதை வாடகைக்கு விடுவதாக யாரோ சொன்னார்கள். தப்பாக நினைக்காதே, சும்மா ஒரு பார்வைக்குத்தான்.

டோனி

பள்ளத்தூர்,
21.9.2025

டோனிக்கு,

ஃபில்டரைக் கழற்றினேன். புள்ளி என் விரலில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த நெயில் பாலிஷ் ஒட்டுமா? முகர்ந்து பார்த்தேன், குங்குமம். மாதாவைக் கும்பிடும் நம் வேதக்கார வீட்டில் குங்குமம் ஏது?

மெய்யநாதன் வீட்டைத் தேடிக் கண்டனூருக்குப் போனேன். அப்போதும் "உள்ள வாங்கக்கா" என்றுதான் கூப்பிட்டார். புள்ளியைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய ஃபில்டர்ல பொட்டு இருந்துச்சுக்கா. ஆயுத பூசைக்கு நாங்க வைக்கிற மாதிரி நீங்களும் ஆசையா வச்சிருக்கீகன்னு நெனச்சேன். புதுச வெறும் நெத்தியா விட மனசு வரல. கோயில் குங்குமத்த எண்ணெயில கொழச்சு நான்தான் வச்சேன். பழச சீட்டுக்கு அடியில போட்டுட்டு வந்தேனே, பாக்கலையாக்கா?"

பார்க்கவில்லையே! வீட்டுக்கு வந்து பார்த்தால், நெயில் பாலிஷ் புள்ளியோடு அது அங்கேயே கிடக்கிறது. அங்கே, புள்ளி வைத்த காரணத்தை நான் சொன்னதும் அவர் மனைவி அழகு, "இதுக்காகவாக்கா வேலைய விட்டு நிறுத்துனாக?" என்று கேட்டபோது என்னால் தலைநிமிர முடியவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை, புள்ளி வைத்தது என் கைதான்.

பழைய ஃபில்டரை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். புகார் எழுதினவரே தப்பு என்று எழுதித் தர வேண்டுமாம். ஆயுத பூசைக்கு முன்னால் எழுதிவிடு. நல்ல நாளில் அந்த மனுஷன் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

மணிக்கணக்குப் படம் வராது. அவருக்கு வைக்கச் சொன்ன புள்ளியை இப்போது எனக்கும் வைக்கிறாய். கூடப்பிறந்தவளடா நான்.

நீ அனுப்பிய ஃபில்டரை மாட்டிவிட்டேன். அடுத்த சர்வீஸுக்கு மெய்யநாதன்தான் வர வேண்டும். அவர் திரும்ப வேலையில் சேர்ந்த அன்று உன் கடிதங்களைப் பிரிக்கிறேன். அதுவரை வருவதெல்லாம் ஒட்டினபடி மேசையில் கிடக்கும்.

வின்சி