மாமா கழற்றிய பித்தளைச் சக்கரம்

அன்புக்கும் கோபத்துக்கும் உரிய ஏழுமலை மாமாவுக்கு,

நாளைக்கு உங்களுக்கு வருஷத் திதி. என் அக்கா பச்சையம்மா படையலுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறாள். நான் திண்டிவனத்தில் அச்சகத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நினைவஞ்சலி நோட்டீஸ் என்றால் படமும் பேரும் துயரத்தோடு நாலு வரியும் போதுமே, இத்தனை எழுத்தை யார் கோப்பது என்று அச்சுக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். விழுப்புரத்துக்காரர்கள் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் வேலை பார்த்த விழுப்புரம் மைதானக் கிளப்பில் டி.வி. வாங்கிவிட்டார்கள். இப்போது விளையாட வருகிறவர்களைவிட உட்கார்ந்து பார்க்க வருகிறவர்கள் அதிகம். இந்த வருஷம் முந்திக்கொண்டு வந்த மழையில் புல் முட்டிவரை ஏறிக் கிடக்கிறது. யாரோ இரண்டு பெண்கள் அரிவாளோடு வந்து மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் மெஷின் கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. அதற்குள் கோழி அடை காக்கிறதாம்.

உங்கள் மெஷின் என்று சொன்னால் கிளப் செக்ரட்டரி சண்டைக்கு வருவார். வரட்டுமே. துரைமார் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்த புல்வெட்டும் மெஷின் அது. முன்னால் கத்திகள் சுற்றும் உருளை, நடுவில் பெட்ரோல் எஞ்சின், பின்னால் கனமான ரோலர். பல வருஷமாய் ஓடாமல் கிடந்ததை எடைக்குப் போட இதே செக்ரட்டரிதான் பழைய இரும்புக்காரரை வரச் சொன்னார். தராசு வந்து இறங்கியபிறகு ஓடிப்போய்த் தடுத்தது நீங்கள். அன்றைக்கு ஏன் தடுத்தீர்கள் மாமா? போகட்டும் என்று விட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த நோட்டீஸ் எழுதும் வேலை இருந்திருக்காது.

அக்கா இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெய் முழுக்கத் துருவைக் கழுவப் போனது. அவள் விறகில் ஊதிக்கொண்டு கிடந்தாள். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவைப் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்தீர்கள். எண்ணெயில் எமரிப் பொடியைக் குழைத்துத் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாணை பிடித்தீர்கள். கத்திக்கு நடுவில் காகிதத்தை நீட்டி, இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே மாதிரி நறுக்குகிறதா என்று பார்த்தீர்கள். காலண்டரில் ஆடி மாசத்துத் தாள் மொத்தமும் அதற்கே போனது. எஞ்சின் முதல்முதலாகப் பிடித்த அன்று தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் கூப்பிட்டுக் காட்டினீர்கள். பெருமை அடித்துக்கொள்வதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மெஷினோடு வந்திருக்க வேண்டிய விளக்கப் புத்தகத்துக்காக நீங்கள் அலைந்தது தனிக் கதை. சீமைக் கம்பெனிக்கு எழுதினோம். அந்த ரகத்தை நிறுத்தி வெகு காலமாகிறது, புத்தகம் இல்லை, வணக்கம் என்று பதில் வந்தது. கடைசியில் கோட்டக்குப்பத்துப் பழைய பேப்பர் கடையில், பாண்டிச்சேரி பங்களா ஒன்றிலிருந்து வந்த பேப்பர்க் கட்டுக்குள் அது கிடைத்தது. நீங்கள் கடை வாசலிலேயே குந்தி உட்கார்ந்து புரட்டினீர்கள். பாகங்களின் அளவு போட்டிருந்த பக்கங்கள் மட்டும் இல்லை. கடைக்கார பாயைக் கேட்டால், பின்பக்கத்துத் தாள்கள் வழவழவென்று இருந்ததால் வேர்க்கடலைக்காரனுக்கு மல்லாட்டை மடிக்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், பாவம்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. உருளையைச் சுற்ற வைக்கும் பித்தளைச் சக்கரத்தில் பல் தேய்ந்து போயிருந்தது. அளவு தெரிந்திருந்தால் தாளில் வரைந்து அனுப்பியிருக்கலாம். அளவு போன பிறகு, தேய்ந்த சக்கரத்தையே கழற்றி அனுப்பினால்தான் வார்ப்புக்காரன் அதைப் பார்த்துப் புதுசு வார்க்க முடியும். என் பட்டறை லேத்தில் கடையலாம், பல் வெட்ட முடியாது. அதனால் கோயம்புத்தூர். நான்தான் தெரிந்த லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்பினேன். பில்லும் இல்லை, ரசீதும் இல்லை. கழற்றப் போகிறேன் என்று நீங்கள் செக்ரட்டரியிடம் சொன்னீர்கள். அவர் சீட்டாட்டத்திலிருந்து நிமிராமல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் பிறகு அவருக்கு ஞாபகம் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், மெம்பர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது உங்களைக் கூப்பிட்டு, "பித்தளய எங்கய்யா வித்த?" என்று கேட்டாராம். நீங்கள் கொட்டகைச் சாவியை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்துவிட்டீர்கள். வாயைத் திறந்து கோயம்புத்தூர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? மறுநாள் பஸ் ஏறி வந்து நான் சத்தம் போட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"வித்தியான்னு கேட்டவன்கிட்ட வெளக்கம் சொல்ல எனக்கு வாய் வரல மச்சான்."

வாய் வரவில்லையாம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் வந்தது. நான் செக்ரட்டரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வக்கீல். மச்சான் சொல்கிற சாட்சியை எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது என்று சிரித்தார். அவர் மேசையிலேயே போன் இருந்தது. கோயம்புத்தூருக்கு ஒரு டிரங்கால் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். போடவில்லை. நானே தபாலாபீசில் காத்துக் கிடந்து போட்டேன். சக்கரம் பத்திரமாக இருக்கிறது, முதல் வார்ப்பில் பொத்தல் விழுந்துவிட்டது, மறுபடி வார்க்கிறோம் என்றார்கள். அதைப் போய்ச் சொன்னதற்கு, நீ யாரிடம் பேசினாயோ யார் கண்டது என்றார்.

அதற்கப்புறம் நீங்கள் பட்டதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? விழுப்புரத்தில் ஒருவரும் மோட்டார் ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை. வளவனூரில் ஒரு கரும்புக் கொல்லைக்காரர், நீங்கள் பம்புசெட்டைப் பிரித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று தன் ஸ்பானர்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். நான் வந்திருந்தேன் அன்றைக்கு, பார்த்தேன். நீங்கள் பார்க்காத மாதிரி இருந்தீர்கள்.

அப்படி இருந்துகொண்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரே கேள்விதான். "சக்கரம் வந்துச்சா மச்சான்? மழைக்கு முன்னாடி மாட்டிடணும். புல்லு முத்திச்சுன்னா கத்தி தாங்காது." உங்களைத் திருடன் என்று சொன்னவர்களுடைய புல்லைப் பற்றி உங்களுக்கு அத்தனை கவலை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மழைக்கு முன்னாடியே, வளவனூரிலிருந்து வரும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். கிளப்பிலிருந்து ஒரு மாலை வரவில்லை.

கருமாதி முடிந்த வாரத்தில் லாரி டிரைவர் கோணிச் சுருட்டோடு என் பட்டறைக்கு வந்தார். உள்ளே இரண்டு சக்கரம். தேய்ந்த பழசு, பளபளவென்று புதுசு. புதுசுக்குக் கூலி நீங்கள் முன்னாலேயே கட்டியிருந்தீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன் மாமா. உங்கள் சாவுக்கு வராத அழுகை அன்றைக்கு வந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கிளப்புக்குப் போனேன். மெம்பர்கள் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். செக்ரட்டரி பார்த்தார், முகம் கொஞ்சமும் மாறவில்லை. வந்துவிட்டதா, நல்லதாய்ப் போயிற்று, மாட்டிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். நான் சொன்னேன்:

"மாட்டறேங்க. அன்னிக்கு யார் யார் முன்னாடி கேட்டீங்களோ, அவங்கள்லாம் இங்கதான் இருக்காங்க. ஏழுமல எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"போனவரு போயிட்டாரு. இனிமே அதப் பேசி யாருக்கு இன்னா ஆவப் போவுது?" என்றார்.

மெம்பர்களில் ஒருவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். நான் பழைய சக்கரத்தை எடுத்து செக்ரட்டரி மேசைமேல் வைத்தேன். உங்கள் பித்தளை இதுதான், நீங்கள் கொடுத்தபடியே பல் தேய்ந்து இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். புதுசைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டு தரம் ஆள் விட்டார்கள். நான் கொடுக்கவில்லை. குடும்பமே அப்படித்தான் என்று இப்போது பேச்சாம்.

அக்கா என்னை மெச்சுவாள் என்று நினைத்து அன்றைக்கு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டாள். சக்கரத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்:

"அவரு இருந்திருந்தா மாட்டிட்டு வந்துருப்பாரு."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். மாட்டியிருப்பீர்கள். எஞ்சின் பிடிக்கும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மறந்து, செக்ரட்டரியையே பக்கத்தில் நிற்க வைத்துக் காகிதம் நறுக்கிக் காட்டியிருப்பீர்கள். அந்தக் குணம் உங்களுக்கு என்ன கொடுத்தது என்று பார்த்துவிட்டேன். எனக்கு அது வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை அவர் அதே இடத்தில் சொல்லும்வரை சக்கரம் என் பட்டறையை விட்டு நகராது. இது சத்தியம். நீங்கள் உயிரைக் கொடுத்து ஓட வைத்த மெஷினை இன்றைக்கு ஓட விடாமல் நிறுத்தி வைத்திருப்பது அவர்கள் இல்லை, நான்தான். இதற்காக நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும். மன்னிக்க வேண்டாம் மாமா.

உங்களிடம் இன்னும் சண்டை தீராத
மச்சான் கோதண்டம்,
திண்டிவனம்